பதினேழாவது சுற்றில் மாறிய தடம்: 2010 வான்கூவர் ஒலிம்பிக் 10,000 மீட்டர் பந்தயம் குறித்த நிகழ்வு ஆய்வு

2010 பிப்ரவரி 23 அன்று, வான்கூவரை அடுத்த ரிச்மண்ட் ஒலிம்பிக் ஓவல் அரங்கில் ஆடவர் 10,000 மீட்டர் ஸ்பீடு ஸ்கேட்டிங் (பனித்தளத்தில் பிளேடு பொருத்திய காலணியோடு வேகமாகச் சறுக்கும்) பந்தயம் நடந்தது. கடைசி ஜோடியில் களமிறங்கிய நெதர்லாந்தின் ஸ்வென் கிராமர் 12 நிமிடம் 54.50 விநாடியில் எல்லைக்கோட்டைக் கடந்தார். அதுவரை முதலிடத்தில் இருந்த தென் கொரியாவின் லீ சியுங்-ஹூன் எடுத்துக்கொண்ட நேரம் 12 நிமிடம் 58.55 விநாடி. 4.05 விநாடி வித்தியாசத்தில் தங்கம் தனக்கே என்று கிராமர் கையை உயர்த்தினார். சில நொடிகளில் அவருடைய பயிற்சியாளர் ஜெரார்ட் கெம்கர்ஸ் அருகே வந்து, பதினேழாவது சுற்றில் தவறான தடத்தில் சென்றதால் தகுதிநீக்கம் செய்யப்படுவார் என்ற செய்தியைச் சொன்னார். கிராமர் கண்ணாடியைக் கழற்றி வீசி எறிந்தார். தவறான தடத்தைக் கைகாட்டியவரும் அதே கெம்கர்ஸ்தான்.

இந்தப் பந்தயத்தைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் “பயிற்சியாளரின் கவனக்குறைவு” என்ற ஒற்றைச் சொல்லோடு பேச்சு முடிந்துவிடுகிறது. பந்தயத்தின் பதிவைப் பலமுறை பார்த்த பிறகு, அந்தச் சொல் நடந்ததில் பாதியைக்கூட விளக்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. எந்தத் தடத்தில் போக வேண்டும் என்பது அந்தக் கணத்தில் கிராமருக்குச் சரியாகத் தெரிந்திருந்தது. சரியாகத் தெரிந்திருந்தவர், தான் முழுமையாக நம்பிய ஒருவரின் சொல்லுக்காகத் தன் அறிவைக் கைவிட்டார். அது எப்படி நேர்ந்தது, அப்படி நேர்வதற்கு அந்தப் பந்தயத்தின் அமைப்பே எவ்வாறு இடம்கொடுத்தது என்பதுதான் இந்த ஆய்வின் பொருள்.

பந்தயத்தின் அமைப்பும் தடம் மாறும் விதியும்

நீள்வட்டப் பனித்தளத்தின் ஒரு சுற்று 400 மீட்டர். 10,000 மீட்டர் என்றால் 25 சுற்றுகள். வீரர்கள் இருவர் இருவராக இறங்குவார்கள்; ஒருவர் உள்தடத்திலும் மற்றவர் வெளித்தடத்திலும் தொடங்குவார். உள்வளைவு சிறியது, வெளிவளைவு பெரியது என்பதால், இருவரும் ஒரே தொலைவைக் கடக்க வேண்டுமானால் ஒவ்வொரு சுற்றிலும் எதிர்ப்புற நேர்ப்பகுதியில் தடம் மாறிக்கொள்ள வேண்டும். உள்ளே இருந்தவர் வெளியே செல்வார். வெளியே இருந்தவர் உள்ளே வருவார். அந்த இடத்தில் இருவரும் ஒரே நேரத்தில் குறுக்கிட நேர்ந்தால், வெளித்தடத்திலிருந்து வருபவருக்கே முன்னுரிமை உண்டு. 25 சுற்றுகளில் இப்படி மாறி மாறிச் செல்லும்போது, ஒவ்வொருவருக்கும் 25 உள்வளைவுகளும் 25 வெளிவளைவுகளும் சரிசமமாக அமைந்துவிடுகின்றன. பந்தயத்தின் நேர்மை முழுவதும் இந்த ஒரு கணக்கின் மீதுதான் நிற்கிறது. ஆகவேதான் தடம் மாறத் தவறியவருக்கு நேர அபராதம் எதுவும் விதிக்கப்படுவதில்லை, நேராகத் தகுதிநீக்கம்தான்.

மற்ற பல விளையாட்டுகளில் உள்ளதுபோல் இங்கே எதிராளியைப் பார்த்து ஓடி வெல்வது முடிவைத் தீர்மானிப்பதில்லை. எத்தனை ஜோடிகள் ஓடினாலும் எல்லோரும் ஒரே கடிகாரத்தோடுதான் மோதுகிறார்கள். கடைசி ஜோடியில் இறங்குபவருக்குத் தான் முறியடிக்க வேண்டிய நேரம் முன்கூட்டியே தெரியும். எனவே ஒவ்வொரு சுற்றின் நேரமும் அவருக்கு உயிர்நாடி. அந்த நேரத்தை அவருக்குச் சொல்லும் பொறுப்பு எதிர்ப்புற நேர்ப்பகுதியின் ஓரத்தில் நிற்கும் பயிற்சியாளருடையது. அவர் கையில் ஒரு பலகை இருக்கும். வீரர் கடந்து செல்லும்போது சுற்றின் நேரத்தை அதில் காட்டுவார், உரக்கச் சொல்வார், கையசைத்து ஊக்குவார். தடம் மாறும் இடமும் பயிற்சியாளர் நிற்கும் இடமும் ஒன்றாக அமைந்திருப்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வரும் அனைத்துக்கும் அது அடிப்படை.

கிராமரும் கெம்கர்ஸும்

ஹேரன்ஃபேனில் 1986-ல் பிறந்த கிராமர், சறுக்கு விளையாட்டையே வாழ்வாகக் கொண்ட ஃப்ரீஸ்லாந்து மாகாணத்தைச் சேர்ந்தவர். அவருடைய தந்தை யெப் கிராமரும் ஒலிம்பிக்கில் பங்கேற்ற ஸ்பீடு ஸ்கேட்டிங் வீரர். 2007 மார்ச்சில் சால்ட் லேக் சிட்டியில் 10,000 மீட்டரை 12 நிமிடம் 41.69 விநாடியில் முடித்து உலக சாதனை படைத்தார். வான்கூவருக்கு வந்தபோதும் அந்தச் சாதனை அவரிடமே இருந்தது. 2007, 2008, 2009 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் இதே தொலைவில் உலகச் சாம்பியன் அவர்தான். அவற்றில் 2009-ஆம் ஆண்டு வெற்றி இதே ரிச்மண்ட் அரங்கில் கிடைத்தது. ஒலிம்பிக் தொடங்கிய மறுநாளே, பிப்ரவரி 13 அன்று, 5,000 மீட்டரில் 6 நிமிடம் 14.60 விநாடியில் ஒலிம்பிக் சாதனையுடன் தங்கம் வென்றிருந்தார். அந்தப் பந்தயத்திலும் இரண்டாமிடம் லீக்கும் மூன்றாமிடம் ரஷ்யாவின் இவான் ஸ்கோப்ரெவுக்கும் சென்றது. பத்து நாள் கழித்து 10,000 மீட்டரிலும் அதே மூவரே எதிரெதிரே நின்றார்கள்.

இவ்வளவு ஏற்றத்திலும் ஒரு பழைய காயம் இருந்தது. 2006 டூரின் ஒலிம்பிக்கில், இத்தாலிக்கு எதிரான அணித் துரத்தல் (மூவர் ஓர் அணியாக ஓடும் பந்தயம்) அரையிறுதியில், தடங்களைப் பிரிக்கும் சிறு கட்டை ஒன்றின்மீது கிராமரின் பிளேடு பட்டு அவர் விழுந்தார். நெதர்லாந்து தங்க வாய்ப்பை இழந்தது. அப்போது அவருக்கு வயது 19. பனித்தளத்தின் ஓரத்தில் வரிசையாகக் கிடக்கும் அந்தக் கட்டைகள் அவர் வாழ்க்கையில் இரண்டு முறை குறுக்கே வந்திருக்கின்றன.

கெம்கர்ஸைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் அவரை விவரம் அறியாத உதவியாளராக நினைப்பது பெரும் அநீதி. 1988 கால்கரி ஒலிம்பிக்கில் 5,000 மீட்டரில் வெண்கலம் வென்றவர் அவர். தடம் மாறும் விதியைத் தன் உடம்பால் அறிந்தவர். கிராமரின் சாதனைகளும் உலகப் பட்டங்களும் அவருடைய பயிற்சியில் வந்தவை. நூற்றுக்கணக்கான முறை அவர் கையசைத்த திசையில் கிராமர் சென்றிருக்கிறார். அவர் சொன்ன வேகத்தில் ஓடி வென்றிருக்கிறார். நீண்ட தொலைவில் ஓடும் வீரருக்கு, பாதி வழிக்கு மேல் யோசிக்கும் வேலையைப் பயிற்சியாளரிடம் ஒப்படைத்துவிடுவதே ஒரு திறமை. மூளையையும் மூச்சையும் மிச்சப்படுத்தும் அந்தப் பழக்கம் பல பந்தயங்களில் அவருக்குக் கைகொடுத்தது. இந்த ஒரு பந்தயத்தில் காலை வாரியது.

லீயின் ஓட்டம்

தகுதிநீக்கத்தின் பரபரப்பில் லீயின் ஓட்டம் எப்போதும் ஓரம் கட்டப்படுகிறது. அது சரியல்ல. அவர் குறுந்தளச் சறுக்கில் (சிறிய தளத்தில் பலர் ஒன்றாக ஓடும் ஷார்ட் ட்ராக்) வளர்ந்த வீரர். 2009-ல் நடந்த தேர்வில் கொரியாவின் குறுந்தள அணியில் இடம் கிடைக்காமல் போனதால்தான் நீள்தளத்துக்கு வந்தார். ஓராண்டுகூட ஆகாத நிலையில் ஒலிம்பிக்கில் இறங்கினார். 10,000 மீட்டரில் அவர் போட்டியாக ஓடியது அதற்கு முன் ஓரிரு முறைதான். அப்படிப்பட்டவர் எடுத்த 12 நிமிடம் 58.55 விநாடி, 2002 சால்ட் லேக் சிட்டியில் யோகெம் உய்டெஹாகே நிறுவிய 12 நிமிடம் 58.92 விநாடி என்ற ஒலிம்பிக் சாதனையை முறியடித்தது. சால்ட் லேக் சிட்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,400 மீட்டர் உயரத்தில் உள்ளது. காற்றின் அடர்த்தி குறைவு, எதிர்ப்பு குறைவு, நேரமும் குறையும். ரிச்மண்டோ கடல்மட்டத்தை ஒட்டிய இடம். அடர்ந்த காற்றைக் கிழித்துக்கொண்டு அந்தச் சாதனையை உடைத்த ஓட்டத்தை “தற்செயலாகக் கிடைத்த தங்கம்” என்று யாராவது சொன்னால், அவர் இந்த விளையாட்டின் கணக்கைப் பார்க்கவில்லை என்றுதான் பொருள்.

கிராமரின் பந்தயத்தை இறுக்கியதும் அந்த நேரம்தான். லீ 13 நிமிடத்துக்கு மேல் எடுத்திருந்தால், கிராமர் தரப்பு சற்று நிதானமாக இருந்திருக்கலாம். ஒவ்வொரு சுற்றின் நேரத்தையும் அவ்வளவு துல்லியமாகக் குறித்துக்கொண்டிருக்கத் தேவை ஏற்பட்டிருக்காது. லீயின் சுற்றுச் சராசரி 31 விநாடிக்குச் சற்று மேல். கிராமர் அதைவிடக் குறைவாக, 31 விநாடியை ஒட்டியே தொடர்ந்து ஓடியாக வேண்டும். பிழை நேர்ந்த கணத்தில் கெம்கர்ஸின் கண்கள் சுற்று நேரம் குறிக்கும் தாளில் இருந்ததற்கு லீயின் ஓட்டமும் ஒரு காரணம்.

அந்த ஒன்பது விநாடிகள்

கிராமரின் சராசரி வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 12.9 மீட்டர், அதாவது மணிக்கு 46 கிலோமீட்டருக்கு மேல். நேர்ப்பகுதியின் நீளம் 110 மீட்டரை ஒட்டியது. வளைவை விட்டு வெளியே வந்து, அடுத்த வளைவுக்குள் நுழையும் வரை அவருக்குக் கிடைப்பது ஒன்பது விநாடிக்கும் குறைவான நேரம். அதற்குள் தடம் மாற வேண்டும், பயிற்சியாளரின் பலகையைப் பார்க்க வேண்டும், மறுபக்கத்து வீரரை உணர வேண்டும், அடுத்த வளைவுக்கு உடம்பைத் தயார் செய்ய வேண்டும்.

பதினேழாவது சுற்றில் கிராமர் உள்தடத்திலிருந்து நேர்ப்பகுதிக்குள் வந்தார். விதிப்படி அவர் வெளித்தடத்துக்குச் செல்ல வேண்டும். சென்றுகொண்டும் இருந்தார். அப்போது கெம்கர்ஸ் தாளில் சுற்று நேரத்தைக் குறித்துக்கொண்டிருந்தார். பின்னர் அவரே சொன்னபடி, தலையை நிமிர்த்திப் பார்த்த கணத்தில் கிராமர் தவறான தடத்துக்குச் செல்வதாக அவருக்குத் தோன்றிவிட்டது. உடனே உள்தடத்தைக் கைகாட்டி, உள்ளே வருமாறு கத்தினார். அதற்குள் கிராமர் கிட்டத்தட்ட வளைவின் வாயிலுக்கு வந்துவிட்டார். கடைசி நொடியில் உடம்பை இடப்பக்கம் திருப்பி, இரு தடங்களையும் பிரிக்கும் எல்லையை ஒட்டி வெட்டி, உள்வளைவுக்குள் நுழைந்தார்.

பதிவில் அந்த இடத்தை மெதுவாக ஓட்டிப் பார்த்தால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. அவருடைய கால்களுக்கு வழி தெரிந்திருந்தது. பதினாறு சுற்றுகளாக மாறி மாறிப் பழகிய உடம்பு எந்தத் தடுமாற்றமும் இல்லாமல் வெளித்தடத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தது. தடுமாற்றம் வந்தது குரல் காதில் விழுந்த பிறகுதான். ஓர் அடி இழுத்து வைத்து, எடையை மறுகாலுக்கு மாற்றி, வளைவுக்கான சாய்வைப் பாதியில் தொடங்குகிறார். அத்தனை நேரம் கடிகாரம்போல் ஓடிய ஒருவரின் அசைவில் அந்த ஒரே ஓர் அடி மட்டும் பொருந்தாமல் நிற்கிறது.

தான் வெளித்தடத்துக்குச் செல்லவே எண்ணியிருந்ததாகவும், பயிற்சியாளர் கத்தியபோது அவர் சொல்வதே சரியாக இருக்கும் என்று நினைத்ததாகவும் கிராமர் பிறகு விளக்கினார். யோசிக்கக் கிடைத்தது கண்ணிமைக்கும் நேரம்தான். உள்தடத்துக்குள் வந்ததும், தன் ஜோடியில் ஓடிய ஸ்கோப்ரெவும் அதே தடத்தில் இருப்பதைக் கண்டு, தவறு செய்தது தன் எதிராளிதான் என்றே முதலில் எண்ணியதாகவும் கூறினார். தங்கள் தரப்பிலேயே பிழை என்ற எண்ணம் அவருக்கு எளிதில் வரவில்லை. அவ்வளவு உறுதியான நம்பிக்கை அது.

கெம்கர்ஸோ சிறிது நேரத்திலேயே உண்மையைப் புரிந்துகொண்டார். ஆனால் வில்லை விட்டு வெளியேறிய அம்பைத் திரும்ப அழைக்க முடியாது. தடம் மாற்றப் பிழையை அடுத்த சுற்றில் சரிசெய்ய விதியில் வழி கிடையாது. எட்டுச் சுற்றுகள் மிச்சம் இருந்தன. அந்த எட்டுச் சுற்றுகளையும் கிராமர் தங்கத்துக்காக ஓடினார். பயனில்லை என்பதை அறிந்தபடியே அவரைப் பார்த்துக்கொண்டு நின்றார் கெம்கர்ஸ். நான்கு நிமிடத்துக்கும் மேல் நீண்ட அந்தக் காத்திருப்பைத் தன் பயிற்சி வாழ்வின் மிகக் கொடிய நேரமாக அவர் உணர்ந்திருப்பார் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆரஞ்சு நிற உடையணிந்து திரண்டிருந்த நெதர்லாந்து ரசிகர்கள் மட்டும் கடைசிச் சுற்றுவரை ஆரவாரித்துக்கொண்டிருந்தார்கள்.

பிழையின் வேர்

“யார் தவறு?” என்ற கேள்விக்கு விடை எளிது. கெம்கர்ஸ் தவறாகக் கைகாட்டினார். அதை அவர் அன்றே, மறைக்காமல், ஒப்புக்கொண்டார். கடினமான கேள்வி வேறு: அனுபவம் மிக்க ஒருவருக்கு அந்தத் தோற்ற மயக்கம் ஏன் ஏற்பட்டது?

முதல் காரணம், ஒரே ஆளிடம் குவிந்த வேலைகள். சுற்று நேரத்தைக் கேட்டுக் குறிப்பது, லீயின் நேரத்தோடு ஒப்பிடுவது, ஸ்கோப்ரெவைக் கவனிப்பது, பலகையை மாற்றுவது, வீரரை ஊக்குவது எல்லாம் 31 விநாடிக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வருகின்றன. அதில் தடத்தைக் கவனிப்பது என்பது வேலையாகவே கருதப்படாத வேலை. யாரும் தவறு செய்யாத ஒன்றை யாரும் கண்காணிப்பதில்லை. குனிந்து எழுதி நிமிர்ந்த மனிதர், இடையில் விட்டுப்போன இரண்டு மூன்று விநாடிகளை நினைவால் நிரப்பிக்கொள்ள வேண்டியிருந்தது. அந்த நிரப்பல் பிசகியது.

இரண்டாவது காரணம், தடம் மாற்றத்தின் இரட்டைத் தன்மை. ஒரு சுற்றில் உள்ளிருந்து வெளியே, அடுத்த சுற்றில் வெளியிலிருந்து உள்ளே என்று மாறிக்கொண்டே இருப்பதால், இரண்டு காட்சிகளும் சம அளவில் பழக்கமானவை. “கிராமர் உள்ளே வருகிறார்” என்பது எட்டு முறை சரியாக இருந்த காட்சி. அதே அளவுக்குச் சரியாக இருந்தது “கிராமர் வெளியே போகிறார்” என்பதும். நிமிர்ந்து பார்ப்பவருக்கு இந்த இரண்டில் எது இப்போதைய முறை என்பதைக் காட்சி மட்டுமே சொல்லிவிடாது. 1,500 மீட்டரில் இந்தக் குழப்பம் வருவது அரிது, ஏனெனில் மாற்றங்கள் மிகச் சில. 25 சுற்றுகளில்தான் முறை மறந்துபோகும் அபாயம் உண்டு; அதுவும் நடுவில், எண்ணிக்கை மங்கிப்போகும் பதினைந்துக்கும் இருபதுக்கும் இடைப்பட்ட சுற்றுகளில்.

மூன்றாவது, எதிராளி என்ற அடையாளம் விலகிப்போவது. இரு வீரர்களும் பக்கத்தில் பக்கத்தில் ஓடும்போது ஒருவரின் இடமே மற்றவரின் இடத்தைக் காட்டிவிடும். ஸ்கோப்ரெவ் 13 நிமிடம் 02.07 விநாடியில் முடித்தார். முடிவில் இருவருக்கும் இடையில் ஏழரை விநாடிக்கு மேல், அதாவது கிட்டத்தட்ட ஒரு நேர்ப்பகுதி அளவு இடைவெளி. இடைவெளி வளர வளர, ஜோடி ஓட்டம் தனி ஓட்டமாகிவிடுகிறது. தடம் பற்றிய இயல்பான எச்சரிக்கை மறைந்துபோகிறது.

இத்தனைக்கும் விடை அரங்கிலேயே எழுதப்பட்டிருந்தது என்பதுதான் என்னைத் திரும்பத் திரும்ப வருத்தும் செய்தி. 10,000 மீட்டரில் சுற்றின் எண்ணே தடத்தைச் சொல்லிவிடும். உள்தடத்தில் தொடங்கியவர் ஒற்றைப்படைச் சுற்றுகளில் உள்ளிருந்து வெளியே செல்வார். இரட்டைப்படைச் சுற்றுகளில் வெளியிலிருந்து உள்ளே வருவார். வெளித்தடத்தில் தொடங்கியவருக்கு அப்படியே தலைகீழ். மீதமுள்ள சுற்றுகளைக் காட்டும் எண்பலகை 25-லிருந்து இறங்குவதால், பலகையில் ஒற்றை எண் இருந்தால் நடப்பதும் ஒற்றைச் சுற்றுதான். பதினேழாவது சுற்று நடக்கும்போது மீதம் 9. ஒரே ஒரு பார்வையில் ஐயம் தீர்ந்திருக்கும். பயிற்சியாளரின் தாளில் ஒவ்வொரு சுற்றின் வரிசைக்கு எதிரே “உள்”, “வெளி” என்று முன்கூட்டியே எழுதி வைத்திருந்தாலும் போதும். குனிந்து எழுதிய அதே தாளே அவரைக் காப்பாற்றியிருக்கும். நேரம் குறிப்பதற்கு ஒருவர், தடத்தைக் கவனித்துக் கைகாட்டுவதற்கு இன்னொருவர் என்று வேலையைப் பிரித்திருந்தால் இன்னும் நல்லது. இவற்றில் எதற்கும் பணமோ கருவியோ தேவையில்லை.

நான்காவது காரணம் கிராமருக்கும் கெம்கர்ஸுக்கும் இடையிலான உறவுக்குள் இருந்தது. தடத்தைப் பற்றி இருவரின் கணிப்பும் மோதினால் யாருடைய சொல் செல்லும் என்பது முன்கூட்டியே தீர்மானிக்கப்படவில்லை. தீர்மானிக்கப்படாத இடத்தில் பழக்கம் தீர்மானித்தது. வேகத்தைப் பற்றியும் நேரத்தைப் பற்றியும் பயிற்சியாளரின் சொல்லே செல்ல வேண்டும், ஏனெனில் கடிகாரம் அவரிடம் இருக்கிறது. தடத்தைப் பற்றி வீரரின் அறிவே செல்ல வேண்டும், ஏனெனில் கடைசியாக எந்த வளைவில் ஓடினோம் என்பதை அவருடைய கால்களே அறியும். இந்தப் பிரிவினை பேசி வைக்கப்படாததால், ஒன்றில் நியாயமான அதிகாரம் மற்றொன்றுக்கும் பரவிவிட்டது.

தண்டனை மிகையா?

நான்கு விநாடி வித்தியாசத்தில் வென்றவரை ஒரு வளைவுக்காக வெளியேற்றுவது சரியா என்ற கேள்வி அன்றும் எழுந்தது, இன்றும் எழுகிறது. கணக்கைப் பார்ப்போம். தடத்தின் அகலம் ஏறத்தாழ 4 மீட்டர் என்று கொண்டால், வெளிவளைவுக்குப் பதில் உள்வளைவில் செல்வதால் மிச்சமாவது சுமார் 12.5 மீட்டர். கிராமரின் வேகத்தில் அது ஒரு விநாடிக்கும் சற்றுக் குறைவு. தாராளமாக இரண்டு வளைவுகள் என்றே வைத்துக்கொண்டாலும் இரண்டு விநாடியைத் தாண்டாது. ஆக, குறைந்த தொலைவைச் சேர்த்து ஓடியிருந்தாலும் அவரே வென்றிருப்பார் என்று காகிதத்தில் நிரூபிக்கலாம்.

ஆனாலும் தகுதிநீக்கம் சரியானது என்பதே என் முடிவு. 10,000 மீட்டர் பந்தயத்தில் 9,987 மீட்டர் ஓடியவருக்கு நேரம் என்று ஒன்று கிடையாது. அவர் அந்தப் பந்தயத்தையே ஓடவில்லை. மிச்சத்தைக் கணக்கிட்டுச் சேர்க்கலாம் என்று ஒருமுறை ஒப்புக்கொண்டால், எந்த வேகத்தில் சேர்ப்பது, எத்தனை வளைவு வரை பொறுப்பது, தெரிந்தே செய்தவரை எப்படிப் பிரித்தறிவது என்று கேள்விகள் அடுக்கடுக்காக வரும். அன்று மற்ற வீரர்கள் முழுத் தொலைவை ஓடினார்கள். அவர்களுக்குச் செய்ய வேண்டிய நியாயம் அந்த ஒற்றை விதியில் அடங்கியிருந்தது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போன கிராமருக்காக மனம் வருந்துவது வேறு. விதியை அவருக்காக வளைப்பது வேறு.

பந்தயத்துக்குப் பின்

தங்கம் லீக்கும், வெள்ளி ஸ்கோப்ரெவுக்கும், 13 நிமிடம் 06.73 விநாடியில் முடித்த நெதர்லாந்தின் பாப் டி யோங்குக்கு வெண்கலமும் சென்றன. 2006-ல் இதே தொலைவில் தங்கம் வென்றவர் டி யோங். ஒலிம்பிக் 10,000 மீட்டரில் ஆசிய வீரர் ஒருவர் தங்கம் வென்றது அதுவே முதல்முறை. மேடையில் ஸ்கோப்ரெவும் டி யோங்கும் லீயைத் தூக்கித் தங்கள் தோள்களில் உட்காரவைத்தார்கள். கிராமரின் நாட்டைச் சேர்ந்த ஒருவரே, அன்று நடந்த அத்தனைக்கும் பிறகு, லீயைத் தோளில் சுமந்தார். லீயின் தங்கத்தைப் பற்றி எழுந்த முணுமுணுப்புக்கு அதைவிடத் தெளிவான பதிலை வேறு யாரும் சொல்லியிருக்க முடியாது.

அன்று ஊடகங்களிடம் பேசிய கிராமர், வழக்கமாகப் பிறர்மீது பழிபோட விரும்பாதவன் தான் என்றாலும் இம்முறை வேறு வழியில்லை என்ற பொருளில் வெளிப்படையாகவே பேசினார். அந்தக் கோபத்தில் பொய் இல்லை. ஆனால் பலரும் எதிர்பார்த்த அடுத்த அடியை அவர் எடுக்கவில்லை: பயிற்சியாளரை மாற்றவில்லை. ஒரு மாதத்துக்குள், 2010 மார்ச்சில், தன் ஊரான ஹேரன்ஃபேனில் நடந்த உலக ஆல்ரவுண்ட் (பல தொலைவுகளின் முடிவுகளைக் கூட்டிப் பார்க்கும்) சாம்பியன்ஷிப்பில் கெம்கர்ஸின் பயிற்சியிலேயே தொடர்ந்து நான்காவது முறையாகப் பட்டம் வென்றார். நான்கு ஆண்டு கழித்து 2014 சோச்சியிலும் இருவரும் சேர்ந்தே வந்தார்கள். 5,000 மீட்டரில் 6 நிமிடம் 10.76 விநாடியில் புதிய ஒலிம்பிக் சாதனையுடன் தங்கத்தைத் தக்கவைத்தார் கிராமர்.

10,000 மீட்டர் மட்டும் கைகூடவில்லை. சோச்சியில் அவர் 12 நிமிடம் 49.02 விநாடியில் ஓடினார். வான்கூவரில் தகுதிநீக்கத்தால் அழிந்துபோன நேரத்தைவிட ஐந்து விநாடிக்கு மேல் வேகம். ஆனால் அன்று சக நாட்டவரான யோரிட் பெர்க்ஸ்மா 12 நிமிடம் 44.45 விநாடியில் வாழ்நாள் ஓட்டத்தை ஓடினார், கிராமருக்கு வெள்ளி. 2018 பியோங்சாங்கில் 5,000 மீட்டர் தங்கத்தை மூன்றாவது முறையாகத் தொடர்ந்து வென்ற கிராமர், சில நாள் கழித்து நடந்த 10,000 மீட்டரில் 13 நிமிடம் 01.02 விநாடியுடன் ஆறாவதாக வந்தார். நெதர்லாந்தில் பிறந்து கனடாவுக்காக ஓடிய டெட்-யான் ப்ளூமன் தங்கத்தை எடுத்துச் சென்றார். 2022 பெய்ஜிங்கில், ஸ்வீடனின் நில்ஸ் வான் டெர் பூல் 12 நிமிடம் 30.74 விநாடியில் உலக சாதனை படைத்த 10,000 மீட்டர் பந்தயத்தில், 35 வயதான கிராமரின் பெயர் இல்லை. அந்த ஒலிம்பிக்கோடு ஒன்பது பதக்கங்களுடன் அவர் ஓய்வுபெற்றார். அவற்றில் நான்கு தங்கம், மூன்று 5,000 மீட்டரிலும் ஒன்று அணித் துரத்தலிலும்.